ஐந்தாம் மாடிக்கு ஏறிய பை

1

நேற்று எங்கள் வார்டில் ஒரு விதி முடிவானது. துப்பாக்கி வைத்திருப்பவர் அதைத் தொலைத்துவிட்டால் அன்றைக்கே வார்டு அலுவலகத்தில் வந்து சொல்ல வேண்டும். சொல்லாமல் மறைத்தால் விற்றுவிட்டதாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆதரிக்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்கள். நானும் தூக்கினேன்.

அதே நாளில்தான் என் மகன் அன்வர் வீட்டை விட்டுப் போய் ஒரு வருஷம் முடிந்தது. இரண்டும் சேர்ந்து வந்தது தற்செயல். ஆனால் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஊரிலிருந்து போன் செய்கிறவர்கள் "ரங்கூன்ல இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்கிறார்கள். "இருக்கோம்" என்பேன். போன மாதம் ஒரு மச்சான், சினிமா டிக்கெட் கிடைத்தவன் மாதிரி, "துப்பாக்கிச் சத்தம் கேக்குமா?" என்றான். எங்கள் தெருவில் கேட்பதில்லை. ஜிப் இழுக்கிற சத்தம்தான் கேட்கிறது. நான் பை தைக்கிறவன். நகரத்து நடுவில், பபேடானில் ஒரு சந்தின் வாயில் கடை. பெட்டிக்குச் சக்கரம் மாற்றுவேன், கைப்பிடி போடுவேன், ஜிப்புக்கு ரன்னர் மாற்றுவேன். இந்த ஊரில் இப்போது நன்றாக நடக்கிற தொழில்களில் இது ஒன்று. எல்லாரும் போகிறார்கள். போகிறவர்களுக்குப் பை வேண்டும்.

இதில் வரும் பெயர்களை மாற்றியிருக்கிறேன். எந்தச் சந்து என்று யாரும் தேட வேண்டாம்.

2

ரங்கூனுக்கு வந்து பார்க்காதவர்களுக்கு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே நகரத்து நடுவில் எல்லாம் ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள். லிப்ட் கிடையாது. அதனால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் பால்கனியிலிருந்து தெருவரைக்கும் ஒரு கயிறு தொங்கவிட்டிருப்பார்கள். நுனியில் ஒரு கிளிப்போ கொக்கியோ இருக்கும். மேலே ஒரு மணி கட்டியிருக்கும். பேப்பர்காரன் பேப்பரை மாட்டி இழுப்பான், மணி அடிக்கும், மேலே இழுத்துக்கொள்வார்கள். சாவி, காய்கறி, சாப்பாடு, மருந்து எல்லாம் இப்படித்தான் போகும், வரும். நான் வந்த புதிதில், என் மாமா கடையில் வேலைக்கு நின்றபோது, இதைப் பார்த்துச் சிரித்தேன். இப்போது எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்குகிறது.

கடை தரையில். வீடு அதே கட்டடத்தில் மூன்றாம் மாடி. நேர் மேலே ஐந்தாம் மாடியில் வடிவேலண்ணன். ஆபீசில் அவர் பெயர் ஊ டின் வின். வீட்டில் வடிவேல். அவருடைய பாட்டனார் முனிசிபாலிட்டி வேலைக்கு வந்தவர். இவர் ஊரைப் பார்த்ததே இல்லை. பேசுகிற தமிழில் பாதி பர்மி. ஆனாலும் என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். அவர் மனைவி செல்லக்கா.

வடிவேலண்ணன் எங்கள் பத்து வீட்டுக்குத் தலைவர். அது ஒரு பதவி. பத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, யார் வந்து தங்கினார்கள் என்று பார்த்து வார்டில் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அது ஒன்றுமில்லாத வேலை. ராணுவம் ஆட்சிக்கு வந்த பிறகு அது வேறு வேலை ஆகிவிட்டது. இப்போது பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். பதினெட்டு முடிந்த பையன்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுப்பதும் அவர்தான். அப்படி எழுதிக் கொடுக்கிறவர்களை ராணுவத்தை எதிர்க்கிற வேறு சிலர் தேடிவந்து சுடுகிறார்கள். அதனால் வார்டில் இவர்களுக்குத் துப்பாக்கி கொடுத்தார்கள். வடிவேலண்ணனுக்கும் ஒரு கைத்துப்பாக்கி வந்தது.

அவருக்கு அதைக் கண்டாலே பயம். இடுப்பில் வைத்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும், தெரிந்தால் சுடுவார்கள். வீட்டில் வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். அரிசி டிரம்முக்குள் வைத்தார், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார் என்று செல்லக்காவே ரஹீமாவிடம் சொல்லியிருக்கிறாள். ரஹீமா என் மனைவி. இதே ரங்கூனில், தாகேதாவில் பிறந்து வளர்ந்தவள்.

"குட்டி போட்ட பூனை மாதிரி இடம் மாத்திக்கிட்டே இருக்காரு, ரஹீமா. எனக்கு அரிசி எடுக்கவே பயமா இருக்கு."

3

அன்வரைப் பற்றி.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. ஒவ்வொரு வருஷமும் தங்குவதற்கு அனுமதி புதுப்பித்துக்கொள்கிறேன். ஒரே அறை, ஒரே பெஞ்சு, அதே கேள்விகள். ரஹீமா இங்கே பிறந்தவள், அவள் தகப்பனும் இங்கே பிறந்தவர். இருந்தும் அவளுக்கு முழுக் குடியுரிமை அட்டை கிடைக்க முடி நரைத்தது. பிள்ளைகளுக்கு அட்டை வாங்க நான் அலைந்த அலைச்சலை எழுதினால் அதுவே ஒரு புத்தகம். அந்த ஆபீஸ், இந்த ஆபீஸ், வார்டு சிபாரிசு, பள்ளிக்கூடத்துச் சிபாரிசு, கறுப்புத் தோல் என்று ஒரு பார்வை, தாடி என்று இன்னொரு பார்வை. "இவன் பார்க்கப் பர்மாக்காரன் மாதிரி இல்லையே" என்று ஒரு பெண் அதிகாரி அன்வரின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். அவனுக்கு அப்போது பத்து வயது. எப்படியோ வாங்கினேன். வாங்கிய அன்று கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தேன்.

அந்த அட்டை இருப்பவனைத்தான் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். என்னைப் போல வெளிநாட்டுக்காரனாக அவனை விட்டிருந்தால் யாரும் சீண்டியிருக்க மாட்டார்கள். அவன் இந்த நாட்டுக்காரன் என்று நான்தான் ஆபீஸ் ஆபீஸாகப் போய் நிரூபித்தேன். அவர்களும் ஒப்புக்கொண்டு கூப்பிட்டார்கள்.

அவன் போன அன்று காலையில் கடைக்கு வந்தான். ஒரு தோள்பை எடுத்தான். புதுசு எடுத்துக்கொள் என்றேன். "பழசு போதும் வாப்பா, புதுசுன்னா பார்ப்பாங்க" என்றான். தாய்லாந்துப் பக்கம் வேலைக்குப் போகிறேன் என்றான். ஆரம்பத்தில் போன் வந்தது. மழைக்காலத்தில் நின்றுவிட்டது. தாய்லாந்தா வேறு எங்காவதா என்று எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்றும் தோன்றவில்லை.

ஆள் போய்விட்டான் என்று தெரிந்தால் வீட்டில் இருப்பவர்களைப் பிடிக்கிறார்கள். எங்கள் தெருவிலேயே ஒரு தகப்பனைக் கொண்டுபோனார்கள். அதனால் நாங்கள் அன்வர் வேறு ஊரில், மோல்மேனில் இருக்கிறான், மாமன் கடையில் வேலை செய்கிறான் என்று சொல்லி வைத்திருக்கிறோம். வடிவேலண்ணன் வாரா வாரம் வந்து வாசலில் நிற்பார்.

"எல்லாரும் இருக்காங்களா, தம்பி?"

"இருக்காங்க அண்ணே."

"பெரியவன்?"

"மோல்மேன்ல."

"வர்றதே இல்லையே?"

"கடையில லீவு இல்லை."

தலையை ஆட்டிவிட்டுப் போவார். நம்பினாரா என்று தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவர் செருப்புச் சத்தம் மாடி ஏறுகிறவரைக்கும் ரஹீமா கதவுக்குப் பின்னால் நிற்பாள். நாங்கள் நான்கு பேர் என்று ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டு மூன்று பேர் இருக்கிறோம். எனக்கு இப்போது அழுகை வருவதில்லை. கோபம்கூடக் காலையில் கொஞ்ச நேரம்தான் வருகிறது, பிறகு கடை திறக்க வேண்டியிருக்கிறது.

4

துப்பாக்கி விதி முதல் தடவை பேச்சுக்கு வந்தது சில வாரங்களுக்கு முன்னால். வீட்டுக்கு ஒருவர் வார்டு மண்டபத்துக்கு வர வேண்டும் என்றார்கள். போனேன்.

வார்டுத் தலைவர் சொன்னார்: "இது யோசனைதான். முடிவு இல்லை. துப்பாக்கி வெச்சிருக்கிறவங்க பேசலாம், மத்தவங்களும் பேசலாம்."

எனக்கு முதலில் இதுதான் எரிந்தது. விருந்தாளி வந்தால் எழுத வேண்டும் என்று சொன்னபோது எங்களை யாரும் பேசச் சொல்லவில்லை. பிள்ளைகளைக் கொடு என்றபோதும் பேசச் சொல்லவில்லை. துப்பாக்கிக்காரர்களுக்கு ஒரு கஷ்டம் என்றதும் மைக் வைத்து, டீ கொடுத்து, கருத்துக் கேட்கிறார்கள்.

லைசென்ஸ் வாங்கித் துப்பாக்கி வைத்திருக்கும் நகைக்கடைக்காரர் எழுந்தார். "தொலைஞ்சுதுன்னு வந்து சொன்னா என்ன செய்வீங்க? யாருக்கு வித்தேன்னு கேப்பீங்க. விக்கலைன்னா நம்புவீங்களா? பொருளும் போச்சு, நானும் உள்ளே போகணுமா?"

"சொல்லாம இருந்தா அது எவன் கைக்குப் போகும்னு தெரியுமா?" என்றார் ஒரு பழைய குமாஸ்தா. "உங்க துப்பாக்கியாலேயே உங்களைச் சுடுவான்."

"சொன்னாலும் சுடுவான். சொன்னா தெருவுக்கே தெரியும் என்கிட்ட ஒண்ணு இருந்துச்சுன்னு."

சந்து முனையில் மோஹிங்கா, அதாவது மீன்குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், விற்கும் டோ ச்சீ எழுந்தாள். அவள் பேச எழுந்தால் மண்டபமே நிமிர்ந்து உட்காரும். "பெகுவிலேருந்து என் மாமியார் வந்தா பொழுது சாயறதுக்குள்ளே ஓடி வந்து எழுதணும். ஒரு நாள் மறந்தேன், அபராதம் போட்டீங்க. அவளுக்குப் பல்லே கிடையாது. அவ யாரைச் சுடப் போறா? கிழவி வந்ததைச் சொல்லணுமாம். துப்பாக்கி போனதைச் சொல்ல வேணாமாம்."

சிரிப்பு. நகைக்கடைக்காரர் விடவில்லை. "மாமியாரை யாரும் திருட மாட்டாங்க, அக்கா."

"திருடிட்டுப் போகட்டும். அன்னைக்கே வந்து சந்தோஷமா எழுதிக் குடுக்கறேன்."

வார்டுத் தலைவரே சிரித்துவிட்டார். எனக்கும் நாலு வார்த்தை பேச வேண்டும்போல இருந்தது. ஆனால் என் பர்மி கடைக்காரப் பர்மி. ரன்னர், சக்கரம், நாளைக்கு வா, விலை குறையாது. அதற்கு மேல் போனால் குழந்தை பேசுகிற மாதிரி ஆகிவிடும். உட்கார்ந்திருந்தேன்.

பிறகு வார்டுத் தலைவர் ஒன்று சொன்னார். "இதையும் கேட்டுக்கங்க. ஒரு துப்பாக்கி காணோம்னா அந்தப் பத்து வீட்டையும் சோதனை போடுவாங்க. ஆளுங்களையும் நிறுத்தி எண்ணுவாங்க."

சிரிப்பு நின்றது.  ஆளை எண்ணினால் எங்கள் வீட்டில் ஒன்று குறையும், மோல்மேனிலிருந்து கூட்டி வா என்பார்கள்.

வார்டுத் தலைவர் வடிவேலண்ணன் பக்கம் திரும்பிக் கேட்டார். "ஊ டின் வின், உங்க சாமான் பத்திரமா?"

"பத்திரமா இருக்கு" என்றார் வடிவேலண்ணன். சட்டைக் காலர் நனைந்திருந்தது. மின்விசிறி ஓடவில்லை, எல்லாருக்கும்தான் வேர்த்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்று முடிவு எடுக்கவில்லை. இன்னொரு தடவை கூடிப் பேசலாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

5

ஊரில் இது எப்படி இருந்தது என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தேன். ராமநாதபுரம் கடற்கரையில் எங்கள் தெருவில் ஒரு தென்னந்தோப்புக்காரர் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தார். தேர்தல் வந்தால் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும், முடிந்ததும் போய் வாங்கிக்கொள்ளலாம். ஒரு தேர்தல் முடிந்து வாங்கப் போனார். அங்கே துப்பாக்கி இல்லை.

மனுஷன் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "உங்ககிட்ட குடுத்ததைக் காணோம்னு உங்ககிட்டயே புகார் குடுக்க வந்திருக்கேன். எழுதுங்கய்யா" என்று கத்தினார். எழுதினார்கள். தேடினார்கள். பறிமுதல் செய்த சைக்கிள்களுக்குப் பின்னால் கிடந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வாரம் தெருவே சிரித்தது.

ஊரில் போலீஸ் நல்லது என்று நான் சொல்லவில்லை. அவர்களைப் பற்றியும் எனக்குத் தெரியும். ஒரு பொருளைக் காணவில்லை என்று ஒருவன் போய்க் கத்த முடிந்தது, அவ்வளவுதான்.

6

கடைக்கு வந்தபோது கரண்ட் வந்திருந்தது. எப்போது போகும் என்று தெரியாது, அதனால் வரிசையாகப் பைகளை எடுத்தேன். மூன்றாவது, செல்லக்கா கொடுத்த கறுப்புப் பயணப் பை.

அது முந்தின வாரம் கயிற்றில் இறங்கியது. மணி அடிக்காமல் மெதுவாக இறங்கியது. பின்னாலேயே செல்லக்காவும் மாடியிறங்கி வந்தாள். "பெரிய ஜிப்பு பல்லு போச்சு, மாத்திக் குடு தம்பி. அவருக்குத் தெரிய வேணாம்" என்றாள். வீட்டுச் செலவைப் புருஷனுக்கு மறைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். வாங்கி மூலையில் போட்டேன்.

இப்போது பெரிய ஜிப்பைப் பிரிப்பதற்கு முன்னால், எப்போதும் செய்கிற மாதிரி உள்ளறைகளைத் தட்டிப் பார்த்தேன். சில்லறை, சீப்பு, பழைய டிக்கெட் இருக்கும். அடி அறையில் ஒரு கைலித் துணி சுற்றியிருந்தது. கனமாக இருந்தது. முழுசாகப் பிரிக்கவில்லை. துப்பாக்கியின் கைப்பிடி தெரிந்ததும் சுற்றி மறுபடி உள்ளே வைத்தேன். பையைக் கால் அடியில் தள்ளிவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு பள்ளிக்கூடப் பைக்கு ரன்னர் மாற்றினேன். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது.

வடிவேலண்ணன் இந்தத் தடவை ஒளித்த இடம் இதுதான். வீட்டில் யாரும் எடுக்காத பை என்று நினைத்திருப்பார். செல்லக்கா அதை அவருக்குத் தெரியாமல் எடுத்து என்னிடம் இறக்கிவிட்டாள். அவர் அதில் வைத்தது அவளுக்குத் தெரியாது. அவள் அதை அனுப்பியது அவருக்குத் தெரியாது.

அப்போதுதான் காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. கூட்டத்துக்கு முன்னால் வடிவேலண்ணன் பழைய சாமான் வாங்குகிறவனின் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். "கறுப்புப் பை வாங்கினியா இல்லையா?" என்று. அவன் புத்தர் மேல் சத்தியம் செய்தான். நான் சிரித்தேன். ஒரு கிழிந்த பைக்காக இவ்வளவா என்று நினைத்தேன். பையை எங்கே என்று அவர் கேட்டதற்கு, பழைய சாமான்காரனுக்குப் போட்டுவிட்டேன் என்று செல்லக்கா பொய் சொல்லியிருக்கிறாள்.

மத்தியானம் பையை மூன்றாம் மாடிக்கு எடுத்துப் போனேன். ரஹீமாவிடம் சொன்னேன். அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"கொண்டுபோய்ப் பசுண்டாங் ஓடையில போட்டுருங்க."

"வழியில பையைத் திறன்னு சொன்னா?"

"அப்ப வார்டுல குடுங்க."

"பாய் கடையில துப்பாக்கின்னு நாளைக்கு என்ன பேரு வைப்பாங்கன்னு தெரியாதா உனக்கு? அதுவும் வெளிநாட்டுக்காரன். அடுத்தது வீட்டுக்குள்ளே வருவாங்க. மகன் எங்கேன்னு கேப்பாங்க."

என் மகள் நஸ்ரின் அறை வாசலில் நின்றிருந்தாள். பதினாறு வயது. தமிழ் புரியும், பேசுவது குறைவு. கோபம் வந்தால் அவள் பர்மிக்குப் போய்விடுவாள், நான் தமிழுக்கு வந்துவிடுவேன். இப்போது கோபம் இல்லாமல், மெதுவாக, பர்மியில் சொன்னாள்:

"அண்ணனுக்கு அனுப்பலாம்."

முதலில் எனக்கு விளங்கவில்லை. தாய்லாந்தில் வேலை செய்கிறவனுக்குத் துப்பாக்கி எதற்கு என்றுதான் நினைத்தேன். ரஹீமா என்னைவிடச் சீக்கிரம் புரிந்துகொண்டாள். எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள்.

"அவன் எங்கே இருக்கான்னு உனக்குத் தெரியுமா?" என்றேன்.

அவள் அறைக் கதவைப் பிடித்தாள்.

"உயிரோட இருக்கானா? அதை மட்டும் சொல்லு."

"போன மாசம் இருந்தான்" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவன் ராணுவத்தை எதிர்க்கிறவர்களோடு சேர்ந்திருப்பான் என்று ஒரு வருஷமாக நான் யோசிக்காமல் வைத்திருந்ததை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் எடுத்துப் போட்டுவிட்டாள். சந்தோஷப்பட வேண்டும். ஒன்றும் வரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கீழே போனேன். ஜிப்பைப் பிரித்தேன், புது ஜிப் வைத்துத் தைத்தேன். அடி அறையில் அது இருந்தபடியே தைத்தேன்.

7

மறுநாள் காலை வடிவேலண்ணன் தானாகவே வந்தார். முகம் வீங்கியிருந்தது. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நாளைக்கு வார்டுக்குப் பேரு குடுக்கணும் தம்பி. இந்தத் தடவை பத்து வீட்டுக்கு ஒரு ஆளு கேக்கறாங்க. உன் பெரியவனை ஒரு நாளு வரச் சொல்லு. மூஞ்சியைக் காட்டிட்டுப் போகட்டும்."

"மோல்மேன்ல இருக்கான் அண்ணே."

"அதைத்தான் எத்தனை நாளு நான் எழுதறது? எனக்கே இங்கே கழுத்து வரைக்கும் வந்திருச்சு."

நான் பையை எடுத்து மேசையின் மேல் வைத்தேன். பார்த்தார். கையை நீட்டினார், தொடவில்லை.

"இது எப்படி இங்கே?"

"செல்லக்கா ஜிப்பு மாத்தக் குடுத்தாங்க. ஒரு வாரம் ஆச்சு. மாத்திட்டேன். உள்ளே இருந்தது உள்ளேயே இருக்கு."

அவர் கண் சந்தின் இரண்டு பக்கமும் ஓடியது. பிறகு கண்ணை மூடிக்கொண்டார். நெஞ்சிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "பழைய சாமான்காரனுக்குப் போட்டேன்னாளே. அவனைத் தாமுவே வரைக்கும் துரத்திட்டுப் போனேன், தம்பி. நேத்து அந்தக் கூட்டத்துல பத்திரமா இருக்குன்னு சொல்றப்ப என் நாக்கு ஒட்டிக்கிச்சு."

பையின் புது ஜிப்பைப் பார்த்துக் கேட்டார். "ஜிப்பு எதுக்கு அவளுக்கு? நாங்க எங்கேயும் போகலியே?"

"போறவங்கதான் அண்ணே ஜிப்பு மாத்துவாங்க."

அவருடைய சின்னவனுக்குப் போன மாதம் பதினெட்டு முடிந்தது. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஊர்ப் பிள்ளைகளை எழுதிக் கொடுக்கிறவரிடம் சொன்னால் என்ன ஆகும் என்று பெற்ற தாய்க்கே பயம். அவர் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் விடவில்லை. நேராகவே சொன்னேன்.

"என் பிள்ளை மோல்மேன்ல இருக்கான்."

"உன் பிள்ளை மோல்மேன்லதான் இருக்கான்" என்றார். "எழுதிர்றேன்."

"உங்க சின்னவன்?"

"அவனும் இனிமே மோல்மேன்லதான்."

"அப்ப யாரை எழுதுவீங்க?"

அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார். எட்டு வீடு மிச்சம் இருக்கிறது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. இதற்கு மிரட்டல் என்று பெயர் என்றால் இருக்கட்டும். மறுபடி அந்தக் காலை வந்தாலும் இதையேதான் செய்வேன்.

பையைக் கையில் தூக்கிக்கொண்டு மாடி ஏற அவருக்குத் தைரியம் இல்லை. படிக்கட்டில் முன்பின் தெரியாத ஆட்கள் இருந்தார்கள். "எப்பவும் போறபடி போகட்டும்" என்றேன். அவர் மேலே போனார். கயிறு இறங்கியது. கிளிப் தாங்காது என்று கைப்பிடியில் நானே இரண்டு முடிச்சுப் போட்டேன். இழுத்தேன். மேலே மணி அடித்தது.

பை ஏறியது. சந்தில் டோ ச்சீ மோஹிங்கா ஊற்றிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனார்கள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, இந்த ஊரில் கயிற்றில் ஏறும் பையை யார் பார்ப்பார்கள். முதல் மாடி, இரண்டாம் மாடி. மூன்றாம் மாடி பால்கனியில் நஸ்ரின் நின்றிருந்தாள். பை அவள் எதிரே வந்ததும் கையை நீட்டி அதைப் பிடித்துக்கொண்டாள்.

மேலே வடிவேலண்ணன் இழுத்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். இரண்டு மாடிக்குக் கீழே என் மகள் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நான் தெருவில் நிற்கிறேன். கத்த முடியாது. தமிழில் கத்தினாலும் தெரிந்துவிடும், பர்மியில் கத்தினாலும் தெரிந்துவிடும். அவள் என்னைத்தான் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன், வேண்டாம் என்று. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரஹீமா பின்னாலிருந்து வந்து அவள் மணிக்கட்டைத் தொட்டாள், அவ்வளவுதான், பிடிக்கவில்லை.

நஸ்ரின் விட்டுவிட்டாள். பை ஆடிக்கொண்டே மேலே போனது.

அன்றிலிருந்து நேற்று வரைக்கும் அவள் என்னோடு பேசவில்லை. தமிழிலும் இல்லை, பர்மியிலும் இல்லை.

8

நேற்று நடந்தது இரண்டாவது கூட்டம். இந்தத் தடவை வடிவேலண்ணன்தான் முதலில் எழுந்தார். துப்பாக்கியைச் சட்டைக்கு வெளியே தெரிகிற மாதிரி இடுப்பில் மாட்டியிருந்தார். தொலைத்தவன் உடனே சொல்லித்தான் ஆக வேண்டும், மறைக்கிறவன் குற்றவாளி, நாட்டுக்குத் துரோகி என்று மைக்கில் பேசினார். நன்றாகப் பேசினார். நகைக்கடைக்காரர்கூட வாய் திறக்கவில்லை.

"இவருக்கு என்ன, மூணே வாரத்துல வீரம் வந்திருச்சு?" என்று டோ ச்சீ என் பக்கம் குனிந்து கேட்டாள்.

"தூங்கி எழுந்திருப்பாரு" என்றேன்.

அவருடைய சின்னவன் போய்விட்டான். அந்தப் பையோடுதான் போனான் என்று நினைக்கிறேன். எங்கள் பத்து வீட்டிலிருந்து இந்தத் தடவை போன பெயர் நான்காம் மாடிப் பையனுடையது. ஐஸ் கம்பெனியில் மூட்டை தூக்குகிறவன். அவன் தாய் காலையில் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாள். நான் தாண்டித்தான் இறங்க வேண்டியிருந்தது. தாண்டி இறங்கினேன்.

வார்டுத் தலைவர் கை தூக்கச் சொன்னார். வடிவேலண்ணன் தூக்கினார். என்னைப் பார்த்தார். நான் தூக்கினேன். விதி முடிவானது, டீ கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தேன். ரஹீமா மகன் போன நாளுக்காக யாசின் ஓதிக்கொண்டிருந்தாள். உயிரோடிருப்பவனுக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. நஸ்ரின் பால்கனியில் எங்கள் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் புது நைலான் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே கேட்டாள். தமிழில் கேட்டாள்.

"கை தூக்குனீங்களா, வாப்பா?"

"தூக்குனேன்."

முடிச்சை இறுக்கினாள். மணியை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள்.

"அப்ப அண்ணன் காணாமப் போனதையும் போய்ச் சொல்லிட்டு வாங்க."

நான் கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நான்காம் மாடிப் பையனின் தாய் கடை வாசலில் ஒரு பழைய தோள்பையோடு நின்றிருந்தாள். வார் அறுந்திருந்தது. வாங்கிக்கொண்டேன்.